குளக்கரையில் குடியேறிய சாமிகள்

எங்கள் குளத்துக் கரைக்கு நேர் கீழே என் மாவு மில் இருக்கிறது. கோவைக்குள் குளத்தை ஒட்டி இடம் கிடைப்பது அதிர்ஷ்டம் என்று வாங்கும்போது எல்லோரும் சொன்னார்கள். போன வருஷம் ஐப்பசி மழையில் கரையின் ஒரு மூலை சரிந்து, அந்த அதிர்ஷ்டம் மில்லுக்குள் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. மோட்டார் புகைந்து போனது. எல்லாவற்றையும் கழற்றிக் காயவைத்து, மோட்டாருக்குப் புதுச் செப்புக் கம்பிச் சுருள் கட்டி, மறுபடி ஓட்டுவதற்குள் தை பிறந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இறந்து போன பிறகு அந்த மில்தான் எனக்குச் சோறு போடுகிறது. இன்னொரு தடவை தண்ணீர் வந்தால் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டியதுதான்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்தைச் சுத்தம் செய்ய வருகிறவர்களோடு நானும் சேர்ந்தேன். ஊருக்கு உழைக்கிறேன் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். பம்பு கம்பெனி ஆட்கள், காலேஜ் பிள்ளைகள், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா என்று கலந்துகட்டி வருவார்கள். கோழிக் கழிவு மூட்டை, இடித்த வீட்டுச் செங்கல், டயர், பாட்டில் என்று கரையிலிருந்து வெளியே வராத பொருள் இல்லை. அந்த நாற்றத்தில் நான் திட்டிய திட்டுக்கு, கொட்டினவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு விக்கல் எடுத்திருக்கும்.

சரிந்த மூலையைச் சரிசெய்ய அதிகாரிகளிடம் சொல்லி அனுமதி வாங்கியாகிவிட்டது. மண் போட்டுச் சரிவைக் கட்டி, பொள்ளாச்சியிலிருந்து வந்த தென்னைநார் விரிப்பை அதன்மேல் பரப்பி, மூங்கில் முளை அடித்து, நடுநடுவே வெட்டிவேர் நாற்று நட வேண்டும். மழைக்கு முன்பே வேர் இறங்கிவிட்டால் மண்ணை விடாது. ஆனால் விரிப்பு மண்ணில் படிய வேண்டிய அந்த மூலையில்தான் சாமி படங்கள் கிடந்தன.

கண்ணாடி உடைந்த சாமி படத்தை எங்கள் பக்கம் வீட்டில் வைக்க மாட்டார்கள். குப்பையில் போடவும் கை வராது. குளக்கரை மரத்தடியில் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இப்படியே வருஷக்கணக்காகச் சேர்ந்து, சட்டம் இற்று, கண்ணாடி சில்லுச் சில்லாகச் சேற்றில் புதைந்து கிடந்தது. கோழிக் கழிவை வெறுங்கையால் அள்ளினவர்கள்கூட அதைத் தொட யோசித்தார்கள். நானும்தான்.

கடைசியில் மரியாதையாகவே செய்துவிடலாம் என்று, மேலாகக் கிடந்த படங்களை எடுத்துக் கழுவி, பக்கத்து வேப்பமரத்தடியில் சாய்த்து அடுக்கினோம். கழுவின படத்தை மொட்டையாக வைக்க மனசு வராமல் வங்கி அம்மா மஞ்சள் குங்குமம் வைத்தார். நான் என் பங்குக்கு ஒரு முழம் கதம்பம் வாங்கிப் போட்டேன். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டியிருக்கிறது, விளக்கு எரிகிறது, புதிதாக ஒரு வரிசைப் படம் அந்த மூலை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இங்கே கொண்டுவந்து வையுங்கள் என்று போர்டு மாட்டியிருந்தால்கூட இவ்வளவு வந்திருக்காது. கோயிலாகிவிட்ட இடத்தில் இனி யார் மண்வெட்டி போடுவது? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. புரட்டாசி பாதி போயிருந்தது.

எங்களோடு வருகிறவர்களில் ஒருவர் கோட்டைமேட்டில் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருக்கும் பாய். கரையில் எங்கே கண்ணாடி கிடந்தாலும் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு அவர்தான் பொறுக்குவார். அந்த மூலைப் பக்கம் மட்டும் வர மாட்டார். எனக்கு இருந்த எரிச்சலில் நேராகப் போய், ஊரெல்லாம் பொறுக்குகிறீர்கள், இங்கே மட்டும் ஏன் கண் தெரியவில்லை என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நான் சாமி படத்தைப் பிரிக்கறதை யாராச்சும் பார்த்தா வேற மாதிரி ஆயிருமுங்க அம்மிணி. நீங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டா செஞ்சுபோடறேன்."

அவர் சொன்னது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் முகம் சூடானது. ஒரு பலகையை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மரத்தடியில் இருந்தது, சேற்றில் கிடந்தது என்று ஒவ்வொரு படமாக எடுத்து, சின்னக் குறடால் பின்பக்கத்து ஆணியைப் பிடுங்கி, அட்டையை நீக்கி, கண்ணாடியை ஒரு சாக்கிலும் சட்டத்தை இன்னொன்றிலும் போட்டு, படத்தை மட்டும் இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். ஒவ்வொன்றையும் அப்படித்தான், இரண்டு கையால். நான் வாங்கித் தாம்பாளத்தில் அடுக்கினேன். வீட்டில் மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாகக் கரைத்து, தென்னை மரத்தடியில் ஊற்றிவிடலாம் என்பது என் யோசனை. களிமண் பிள்ளையாரைக் கரைப்பதுபோலத்தானே இதுவும்.

பாதி ஆகியிருக்கும். கரைமேல் ஒரு பைக் நின்றது. வந்தவர் இறங்காமலே செல்போனை எங்கள் பக்கம் தூக்கிப் பிடித்தார். பாயின் கைக் குறடு அப்படியே நின்றது. எழுந்துகொள்ளப் போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்க, நல்லா எடுத்துக்கங்க. சாமி சேத்துல கெடந்தப்ப யாரும் வல்லை. இவரு எடுத்துக் குடுக்கறாரு, நான் வாங்கி வெக்கறேன். உங்க ஊட்டுப் படம் இதுல இருந்தாச் சொல்லுங்க, அதையும் பார்த்துச் செஞ்சு குடுப்பாரு."

என் குரல் அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். தூரத்தில் வேலையாக இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வங்கி அம்மா ஒரு தாம்பாளத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பைக்கில் வந்தவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எடுத்த வீடியோவை எங்கே போடுவாரோ என்று அந்த வாரம் முழுக்கப் பைக் சத்தம் கேட்டாலே மில் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு அதே பைக் வந்தது. பின்னால் ஒரு சாக்கு கட்டியிருந்தது. வீட்டுப் பரணில் உடைந்த படங்கள் இருக்கின்றன, பாய் கழற்றித் தருவாரா என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். இப்போது அப்படிப் படங்களைக் குளத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள்.

மூலை சுத்தமானது. மண் போட்டோம், விரிப்பை விரித்தோம், நாற்று நட்டோம். மழை வரும்வரை தினமும் காலையில் மில்லைத் திறக்கும் முன் நான் தண்ணீர் ஊற்றினேன். வேப்பமரத்து மஞ்சள் துணியை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் ராத்திரி முழுக்க அடித்துப் பெய்தது. விடிந்தும் விடாத தூறலில், பயந்துகொண்டே மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னால் பாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் மூடி போட்ட ஒரு தூக்குப் போசி. கோதுமை அரைக்க வேண்டும் என்றார்.

மழை நாளில் யாரும் மில்லுக்குத் தானியம் கொண்டுவர மாட்டார்கள். ஈரம் பட்டால் கல்லில் அப்பிக்கொள்ளும். போதாததற்கு, கோட்டைமேட்டிலிருந்து என் மில்லுக்கு வருகிற வழியில் எத்தனையோ மில் இருக்கிறது. நான் பூட்டைத் திறந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார்.

"தண்ணி வல்லீங்களே?"

"வல்லைங்க பாய்."

கரை நின்றுவிட்டது. போசியை வாங்கித் திறந்து பார்த்தேன். மூடி இடுக்கு வழியாக மழை இறங்கி, கோதுமை நன்றாக நனைந்திருந்தது. இதை இன்றைக்கு அரைக்க முடியாது, காயவைத்து நாளைக்கு அரைத்துத் தருகிறேன் என்று சொல்லி, போன வருஷம் முழங்கால் தண்ணீர் நின்ற அதே தரையில் ஒரு துணியை விரித்து, அவர் கோதுமையைப் பரப்பிப் போட்டேன்.