பழவேற்காட்டு முகத்துவாரத்தை வெட்டித் திறந்த காலை

போன மழைக்குப் பொன்னேரியில் எங்கள் வீட்டு அடுப்படிவரை ஆரணியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டது. "ஏரி வாய் அடைச்சிக்கினா ஆறு எங்கக்கா போவும்?" என்றார், தெருவுக்கு மீன் விற்க வரும் செல்வி. ஆரணியாறு போய் விழும் பழவேற்காடு ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடக்கிறதாம். இந்த ஐப்பசியில் ஊர்க்காரர்களே அதை வெட்டப்போகிறார்கள் என்று அவர் சொன்னதும் நானும் கிளம்பிவிட்டேன்.

பொன்னேரியிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. காலை ஆறு மணிப் பேருந்து. பழவேற்காட்டில் இறங்கி, பாலம் தாண்டி, ஆட்டோவில் லைட்ஹவுஸ் குப்பம். வானம் எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சாம்பல் வெளிச்சம். இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் மேகத்துக்குள் நடப்பதுபோலத் தெரிந்தார்கள். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே கொஞ்ச நேரம் புரியவில்லை.

முகத்துவாரத்தில் மீனவர்களோடு, வயல் மூழ்கிய விவசாயிகளும் மண்வெட்டியுடன் நின்றார்கள். ஆனால் ஒருவரும் வெட்டத் தொடங்கவில்லை. மணல்மேடு குறுகலாக இருந்த இடத்தில்தான் செல்வியின் கருவாட்டுக் கொட்டகை இருந்தது. அவரிடம் வாய்விட்டுக் கேட்க யாருக்கும் மனமில்லை.

"வடக்கால தள்ளி வெட்டிக்கலாம்" என்றார் அவர் கணவர் ஏழுமலை.

செல்வி கொட்டகையை ஒருமுறை சுற்றி வந்தார். "அங்க வெட்டினா மழைக்கு முன்ன முடியுமா? இன்னாய்யா பேசுற நீ!" என்றவர், தானே முதல் கீற்றை உருவினார்.

கடல் வற்றும் நேரம் பார்த்துக் கடைசி வரப்பை உடைத்தார்கள். முதலில் விரலளவு ஓடை, சத்தமே இல்லை. பிறகு இரு கரையும் சரியச் சரிய, ஏரியின் பழுப்பு நிறம் நீலத்துக்குள் நீண்டுகொண்டே போனது. மதியத்துக்குள் கொட்டகை நின்ற இடத்தில் தண்ணீர் ஓடியது.

"அழுவாத" என்றார் ஏழுமலை.

"யாரு அழுவுறா? இன்னா வேகமா போவுது பாரு!" என்றார் செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

போக நினைப்பவர்கள் விடிகாலையிலேயே போய்விடுங்கள். குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மணலில் நிழலே கிடையாது. வெட்டிய கரையின் விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள், காலடியிலேயே சரியும்.

கார்த்திகையில் விடாமல் பெய்தும் எங்கள் தெருவுக்குள் ஆறு வரவில்லை. வெட்டியதால்தானா என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மணல் திரும்பவும் மூடும் என்கிறார்கள். செல்வி வேறிடத்தில் புதுக் கொட்டகை போட்டிருக்கிறார். போய்ப் பார்த்தேன். எங்குமே ஆணி அடிக்கவில்லை, எல்லாம் கயிற்றுக்கட்டு. "பிரிக்க சுலுவா இருக்கும்லக்கா" என்றார்.