கஞ்சியில் போன உப்பு

அந்தத் தெருச் சண்டையை நினைத்தால் எனக்கு இன்னும் கூசுகிறது.

நாமக்கல்லில் முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை. அதை ஊறவைத்து, டீச்சக்கையும் சோற்றுக் கஞ்சியும் சேர்த்துப் பிசைந்து, டம்ளர்மேல் அப்பிக் காயவைத்தால் நாற்றுத் தொட்டி தயார். தொட்டியோடு மண்ணில் புதைத்துவிடலாம். அப்படிச் செய்தவற்றில் முப்பது தொட்டிகளில், பக்கத்து வீட்டு ஈஸ்வரியக்கா கொடுத்த தக்காளி விதையைப் போட்டேன். முளைத்ததெல்லாம் கருகிப்போனது.

"சொத்தை விதையக் குடுத்துட்டீங்களேக்கா!" தெருவே பார்க்கக் கத்திவிட்டேன்.

அக்கா என் வாசலுக்கு வந்தார். விதை போடாமல் மிச்சமிருந்த தொட்டி ஒன்றை எடுத்து, ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தார்.

"ஏனுங்க, உங்கூட்ல உலையிலயே உப்புப் போட்டுருவீங்களா?"

"ஆமாங்க" என்று சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. சோற்றுக்குப் போட்ட உப்பு, வடித்த கஞ்சியோடு தொட்டிக்குள் போயிருக்கிறது. கத்தத் தெரிந்த வாய்க்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. வீட்டுக்குள் போய்விட்டேன்.

மறுநாள் காலை அக்காவே வந்தார். ஒரு கையில் கஞ்சிச் சொம்பு, மறு கையில் விதைப் பொட்டலம்.

"இது உப்பில்லாததுங்க. மறுக்காப் போடுங்க."

இந்த முறை வேர்கள் தொட்டியைக் கிழித்துக்கொண்டு மண்ணில் இறங்கின. முதலில் பழுத்ததைப் பறித்துக்கொண்டு போய், அதே தெருவில், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.

அக்கா பழத்தைக் கடித்துவிட்டுச் சிரித்தார். "இதுக்குத்தானுங்க உப்பு வேணும். எடுத்துட்டு வாங்க."