ஆறு வாரத்தில் முடிந்த கொலை வழக்கு

எங்கள் தீவுக்குத் தொலைக்காட்சி வந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகியிருக்காது. எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று. ஒரு கப்பல் கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டர் வேலை. நாள் முழுவதும் யார் யாரையோ யார் யாருடனோ இணைத்துக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை மதியங்களில் ஒரு தமிழ் நாடகக் குழுவில் ஒத்திகைக்குப் போவேன். அதனால்தான் அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

அப்பா துறைமுகக் கிடங்கில் மண்டோர். நாற்பது ஆட்களை மேய்ப்பவர். வீட்டில் சத்தம் போடுபவர் அல்ல. நான் முதல்முறை மேடை ஏறிய மறுநாள் காலையில், "உன் பொண்ணுகிட்டச் சொல்லு, இனிமே எனக்கும் அவளுக்கும் பேச்சில்லைன்னு" என்று அம்மாவிடம் சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம், உப்பு வேண்டும் என்பதைக்கூட அம்மா வழியாகவே கேட்டார். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு இருந்ததே இரண்டு அறைகள். அந்த இரண்டு அறைக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாழ்வது சுலபமில்லை. அப்பா அதைச் செய்து காட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் அந்த நாடகம் வந்தது. தொலைக்காட்சியில் தமிழுக்கு வாரத்தில் கிடைத்ததே கொஞ்ச நேரம். அதில் ஒரு துப்பறியும் நாடகத்தை ஆறு வாரம் தொடராகப் போடலாம் என்று முடிவு செய்து, எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். எழுதியவர் நாடகக்காரர் இல்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லியான உருவம். வெள்ளைச் சட்டையின் முழுக்கையை எந்த வெயிலிலும் மடிக்க மாட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, தமிழில் சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். மெய்யும் பொய்யும் அவர் வாய் வழியாகவே நீதிபதியிடம் போயிருக்கின்றன.

கதை எளிமையானது. மசாலா மில் முதலாளி ஒருவர், மில்லின் மரப்படிகளுக்கு அடியில் இறந்து கிடக்கிறார். தவறி விழுந்தாரா, யாராவது தள்ளினார்களா? வாரத்துக்கு ஒருவராக ஐந்து பேரைப் போலீஸ் விசாரிக்கிறது. ஆறாவது வாரம் உண்மை தெரிந்துவிடும். அரங்கத்தில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி. அவ்வளவுதான். ஒரு நாற்காலியில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் இன்ஸ்பெக்டர், எதிரே சந்தேகத்துக்குரியவர், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். கண்டுபிடிக்கப் போவது இன்ஸ்பெக்டர் இல்லை, நடுவில் உட்கார்ந்திருப்பவர் என்பதுதான் அந்த நாடகத்தின் அழகு.

எனக்கு மச்சினி வேடம். செத்துப்போனவருடைய மனைவியின் தங்கை. மூன்றாவது வாரம் என் முறை.

முதல் ஒத்திகையில் நாங்கள் எல்லோரும் பழக்கப்படி முழங்கினோம். மேடையில் அப்படித்தான் பேசுவோம். நெஞ்சை நிமிர்த்தி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது போலீஸ் ஸ்டேஷன். இங்கை ஒருத்தரும் வசனம் பேசுறேல்லை. வீட்டிலை எப்பிடிக் கதைப்பீங்களோ அப்பிடிக் கதையுங்கோ."

வீட்டில் பேசுவதுபோலப் பேசு என்பதைவிடக் கடினமான கட்டளை நடிகருக்கு இல்லை. ஒரு மாதம் பிடித்தது எங்களுக்கு. "உறங்கிக்கொண்டிருந்தார்" என்று யாராவது சொன்னால், "தூங்கிட்டு இருந்தாரு" என்று திருத்துவார். தான் பேசும் தமிழ் வேறாக இருந்தும், எங்கள் பேச்சை அவர் எங்களைவிட நன்றாகக் கேட்டு வைத்திருந்தார்.

ஒருநாள் ஒத்திகை முடிந்த பிறகு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கையில் இரண்டு தாள்.

"பிள்ளை, கொன்றது நீர்தான். தயாரிப்பாளருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற நடிகர்களுக்குக் கடைசி நாளிலைதான் இந்தத் தாள் கிடைக்கும். நீர் டெலிபோனிலை எத்தனை பேருடைய கதையைக் கேட்டிருப்பீர். ஒண்டையாவது வெளியிலை சொன்னனீரோ?"

"இல்ல சார்."

"அதுதான் உம்மைத் தேர்ந்தெடுத்தனான்."

பிறகு மூன்றாம் வாரத்துக்கான என் வசனத்தில் ஒரே ஒரு வரியை மாற்றினார். வசனம் முழுவதும் எங்கள் பேச்சிலேயே போகும். நடுவில், "நான் கதவைத் திறந்தபோது அத்தான் உறங்கிக்கொண்டிருந்தார்" என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு மாதமாக எங்களிடமிருந்து விரட்டிய தமிழை அவரே திருப்பிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

"மெய் சொல்லுறவன் யோசிக்காமல் சொல்லுவான், அது பேச்சிலை வரும். பொய்யை மனசுக்குள்ளை எழுதிவைச்சு, திருப்பித் திருப்பிப் பாடமாக்குறவன், அதை எழுத்துத் தமிழிலைதான் வாசிப்பான். கூண்டிலை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறன். அந்த ஒரு வரி வரேக்கை எனக்குக் காது விறைக்கும்."

அதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை இல்லை. இருபது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை மெதுவாக மேசைமேல் வைப்பதுபோல் சொன்னார்.

முதல் வாரமே எங்கள் தேக்கா வட்டாரம் முழுவதும் இதே பேச்சு. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்கள் குறைவு. எல்லோரும் ஏழு மணிக்குச் சமூக நிலையத்தில் கூடிவிடுவார்கள். எங்கள் சந்து முனையிலிருந்த சீனருடைய காப்பிக்கடையிலும் ஒரு பெட்டி இருந்தது. அந்தக் கடைக்காரருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் நான் காப்பி வாங்கப் போனால், "சியாப்பா புனோ?" என்று மலாயில் கேட்பார். யார் கொன்றது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள், "எனக்கு மட்டும் சொல்லு லா, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று தினமும் ஆரம்பிப்பாள். நான் சிரித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பேன்.

அப்பா சமூக நிலையத்துக்குள் வரவில்லை. சுவருக்கு வெளியே, ஜன்னல் ஓரம் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றதாக அம்மா சொன்னாள். முதல் வாரம் ஒரு சுருட்டு. இரண்டாம் வாரம் சுருட்டே இல்லை, சும்மா நின்றார்.

மூன்றாம் வாரம் நான் நடித்தேன். எல்லாம் நேரடி ஒளிபரப்பு. தவறு செய்தால் திருத்த முடியாது. விளக்குகளின் சூட்டில் முதுகு நனைந்தது. அந்த வரி வந்தது, சொன்னேன். என் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக நடித்தவர், அதை ஆங்கிலத்தில் சொல்வதற்கு ஒரு கணம் தாமதித்தார். அவ்வளவே. பார்த்தவர்கள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பாட்டு அடுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலில் நின்றார். போகவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் பேசுன. அந்த ஒரு வரிய மட்டும் ஏன் மேடைல பேசுற மாதிரி பேசுன?"

எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம் அது. அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தவறிவிட்டேன் என்றால் அது பொய். வேண்டுமென்றே பேசினேன் என்றால் எல்லாமே வெளியே வந்துவிடும்.

"அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்கப்பா."

"எழுதுனவருக்கு நம்ம பேச்சு சரியா வரல போல. யாழ்ப்பாணத்துக்காரர்ல." தலையை ஆட்டினார். "மத்ததெல்லாம் பரவால்ல."

படியிறங்கிப் போய்விட்டார். எழுதியவர்மேல் பழி விழுந்தது எனக்குத் தாங்கவில்லை. அந்த வாரமே போய் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

"உம்மட அப்பா என்ன வேலை?"

"துறைமுகத்துல மண்டோர், சார்."

"அதுதானே! காய்ச்சல் எண்டும் பாட்டி செத்துப்போனா எண்டும் எத்தனை பேர் லீவு கேட்டு அவரிட்டை வந்து நிண்டிருப்பினம். காது பழகியிருக்கு. முழுத் தீவிலையும் ஒருத்தர் பிடிச்சிட்டார், பிழை எண்டு நினைச்சுப் பிடிச்சிருக்கிறார். ஆறாவது கிழமை வரைக்கும் பொறும்."

அதன் பிறகு அப்பா பேசினார். நாடகத்தைப் பற்றி மட்டும்தான். ஆனால் தினமும் பேசினார். நான்காம் வாரம் அவருடைய சந்தேகம் லாரி டிரைவர்மேல். ஐந்தாம் வாரம் இறந்தவரின் தம்பிமேல். தம்பியாக நடித்தவருக்கு நேரடி ஒளிபரப்பில் அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. அதையும் அப்பா ஒரு தடயமாக எடுத்துக்கொண்டார். "பயத்துல வர்ற தும்மல் அது" என்றார். ஒருமுறை அம்மா என்னிடம், "அப்பாகிட்டயாவது சொல்லேன்டி, பாவம், சாப்பிடும்போதும் அதே நெனப்பா இருக்காரு" என்றாள். அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"அவளக் கேக்காத. சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கா போல. பெத்தவங்ககிட்டக்கூட வாயத் தொறக்கல. அது நல்ல பழக்கம்."

எந்தக் கைதட்டலும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

ஆறாவது வாரம், இன்ஸ்பெக்டர் வழக்கை மூடப்போகிறார். தவறி விழுந்துவிட்டார் என்று எழுதிவிடலாம் என்கிறார். மொழிபெயர்ப்பாளர் முதல்முறையாகத் தானாக வாயைத் திறந்து, மச்சினியை இன்னொரு தரம் கூப்பிடச் சொல்கிறார். நான் வந்து உட்கார்ந்தேன். அவர் குற்றம் சாட்டவில்லை. மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, எல்லாத்தையும் எங்கிட்டப் பேசுன. அந்த ஒரு வரிய மட்டும் ஏன் படிச்சுக் காட்டுன?"

அக்காவை அடித்துக்கொண்டே இருந்த மனிதர் அவர், அன்றும் அடித்தார், படியின் மேலே நான் குறுக்கே போய்த் தள்ளினேன். இதை எல்லாம் சொல்ல எனக்கு நான்கு நிமிடம். கடைசி ஒத்திகையில் எழுத்தாளர் தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "இதை மட்டும் உம்மட சொல்லிலை சொல்லும்" என்று சொல்லியிருந்தார். நான் என் வீட்டில் பேசும் பேச்சில், கோபம் வந்தால் நான் விழுங்கும் சொற்களை விழுங்கி, திக்கி, சொல்லி முடித்தேன். முடிந்தபோது கேமராவுக்குப் பின்னால் நின்ற மலாய்க்காரர் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார்.

சமூக நிலையத்தில் என்ன நடந்தது என்பதை அம்மாதான் சொன்னாள். அன்று அப்பா உள்ளே வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "நான் அன்னிக்கே சொன்னேன்! நான் சொன்னேன்ல!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாராம். உட்காருங்கள் என்று பின்வரிசை கத்த, உட்கார்ந்தார். பிறகு நான் பேசி முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பஸ்ஸில் வந்து இறங்கியபோது நிறுத்தத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். என் பையை வாங்கிக்கொண்டார். வழியில், "அவன் அடிச்சதுக்குத் தள்ளுனது தப்பில்ல" என்று மட்டும் சொன்னார், ஏதோ நிஜமாகவே நடந்ததுபோல. பிறகு, "இத எழுதுன மனுசர நான் பாக்கணும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அதே சீனர் காப்பிக்கடையில் இருவரையும் உட்காரவைத்தேன். அதற்குள் தொலைக்காட்சி நிலையத்தார் இன்னும் பத்து வாரம் எழுதும்படி எழுத்தாளரைக் கேட்டிருந்தார்கள், கடிதங்கள் குவிந்திருந்தன. அப்பாவுக்கும் அது தெரியும்.

"எழுதுங்க சார். அதே போலீஸ் ஸ்டேஷன், வேற கொலை. ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் சார்? இவ்வளவு நல்லா வந்துச்சே."

"வழக்கு முடிஞ்சால் கோர்ட்டிலை எல்லாரும் எழும்பிப் போகவேணும். முடிஞ்ச பிறகும் இருந்தால், பியூன் வந்து லைட்டை நிப்பாட்டுவான்."

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் வாதாடினார். இரண்டு பேரும் தத்தம் தமிழில், ஒருவர் சொன்னதை ஒருவர் சரியாகப் புரிந்துகொண்டு, சண்டை போட்டார்கள். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்கவே பிடித்திருந்தது.

அன்று நானும் அப்பா பக்கம்தான். இன்னும் பத்து வாரம் கிடைத்தால் நடிக்கலாமே என்ற ஆசை. எழுத்தாளர் மறுத்தது சரி என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. பிற்காலத்தில் வருடக்கணக்கில் ஓடிய தொடர்களை நானும் பார்த்தேன். அவற்றில் யார் எதற்காக அழுதார்கள் என்பது மறுவாரமே மறந்துபோகும். அந்த ஆறு வாரம் அப்படியில்லை. முடிவு வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் ஜனங்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். இனி எத்தனை வாரமோ என்று தெரியாமல் இருந்திருந்தால், அப்பாவுக்கு அந்த ஒரு வரி உறுத்தியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

நேரடியாகப் போனதால் அதன் பதிவு எதுவும் மிஞ்சவில்லை. எழுத்தாளரும் அதன் பிறகு எதையும் எழுதவில்லை. ஓய்வு பெற்ற பிறகு கேலாங் பக்கம் ஒரு வீட்டில் மகளோடு இருந்தார். என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கப் போனபோது, கேட்கவேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டேன்.

"ஏன் சார் வேற எதுவுமே எழுதல?"

அவர் பத்திரிகையை உறைக்குள் போட்டு மேசைமேல் வைத்தார்.

"பொய்யைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது அந்த ஒண்டுதான் பிள்ளை. அதைச் சொல்ல ஆறு கிழமை போதும்."