பீரங்கி வண்டியில் மூன்று ராஜாக்கள்

எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தபோது குழந்தை இயேசு மாடிக்குப் போனார். மூன்று ராஜாக்களும் ஒட்டகமும் எங்கள் பங்குக்கு வந்தார்கள். தாத்தா இறந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸில், குடிலை மாடியில் ஜோடிப்பதா கீழே ஜோடிப்பதா என்று பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சு முற்றியிருக்கிறது. "அப்ப நீங்களே வச்சுக் கும்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, கைக்கு அகப்பட்ட சுரூபப் பொம்மைகளை அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு அப்பா இறங்கிவிட்டார். இறங்கியவர் அதன் பிறகு மாடி ஏறவில்லை. பெரியப்பாவும் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் தெருவுக்குப் போகப் பழகிக்கொண்டார். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் எதுவுமே நடக்காததுபோலக் குழம்புக் கிண்ணங்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்த அந்த ஒரே வீட்டில் வருஷா வருஷம் இரண்டு குடில். மாடிக் குடிலில் குழந்தையைப் பார்க்க வர ஆளில்லை. எங்கள் குடிலில் ராஜாக்கள் பொன்னும் தூபமும் ஏந்திக்கொண்டு வெறும் வைக்கோலைப் பார்த்து நின்றார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள்; எனக்கு இரண்டு வீட்டுக் கேக்கும் கிடைத்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. மற்ற வீடுகளில் ராஜாக்களைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி முதல் வாரத்தில் வரும் அவர்கள் திருநாளன்று குழந்தையின் காலடியில் கொண்டுசேர்ப்பார்கள். எங்கள் ராஜாக்கள் கிளம்பிய இடத்திலேயே நின்றார்கள். ஒருமுறை நானே ஒரு ராஜாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தேன். "நாமளா கொண்டுபோய்க் குடுக்கணுமா? எடுத்த இடத்துல வை" என்றார் அப்பா.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமா, நான் கேட்டபடியே ரிமோட்டில் ஓடும் பீரங்கி வண்டி வாங்கி வந்தார். அது பெட்டியைப் பிரித்ததும் ஓடுகிற பொம்மை இல்லை. உடல் தனி, மோட்டார் தனி, சக்கரங்கள் தனி, சங்கிலிப் பட்டையில் ஒவ்வொரு கண்ணியும் தனி. எல்லாவற்றையும் நாமே பூட்ட வேண்டும். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா இது?" என்று அம்மா மாமாவைக் கேட்டாள். நான் அதற்குள் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

அரையாண்டு விடுமுறை தொடங்கியதும் பூட்டத் தொடங்கினேன். விளக்கப் புத்தகத்தில் படங்களைத் தவிர வேறொன்றும் புரியவில்லை. அது எனக்குப் போதுமானதாக இருந்தது. கண்ணிகளைக் கோத்து, சக்கரங்களுக்குக் கிரீஸ் தடவி, மோட்டார்களை உட்காரவைத்து ரிமோட்டைத் தள்ளினால், வண்டி நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றியது. ஒரு பக்கச் சங்கிலி முன்னே போனால் மறுபக்கச் சங்கிலி பின்னே போயிற்று. ஒரு மோட்டாரின் ஒயர்களை மாற்றிப் பற்றவைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவள் நான்தான். அப்பாவிடம் போனேன்.

அப்பா தல்லாகுளத்தில் அரசு அலுவலக கிளார்க். வண்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இந்தச் சால்டரிங்கெல்லாம் வராது பாப்பா. மேல போய்க் கேளு."

பெரியப்பா மிஷன் பள்ளியில் அறிவியல் வாத்தியார். சால்டரிங் கம்பியைச் சூடாக்கி, ஒயர்களை மாற்றி வைத்துக் கொடுத்தார். வண்டி நேராக ஓடியது. அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் அறிவித்தேன்: "இந்த வருசம் ராசாக்கள யாரும் கொண்டுபோக வேணாம். அவங்களே டாங்கில ஏறி மாடிக்குப் போயிருவாங்க." அம்மா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "ஏறுமா அது அம்புட்டுப் படியும்?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

படிகள் மேல் சாரப் பலகைகளைப் போட்டு ஏற்றிப் பார்த்தேன். பீரங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ராஜாக்கள் நிற்க ஒரு பெட்டி வைத்திருந்தேன். குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான். பாதிப் பலகையில் பிளாஸ்டிக் பல்சக்கரம் நறநறவென்று தேய்ந்து போயிற்று. லீவு முடியும்வரை சென்னையில் தங்கியிருந்த மாமா உலோகப் பல்சக்கரங்களைக் கூரியரில் அனுப்பினார். அதைப் பூட்ட வேண்டுமா, மேல போய்க் கேளு. பெரியப்பா பூட்டிவிட்டு, "இதுக்கு நல்ல கிரீஸ் வேணும் தாயி. உங்க அப்பன் ஸ்கூட்டருக்கு வச்சிருப்பான், கீழ போய்க் கேளு" என்பார். சங்கிலி பலகையில் வழுக்கியது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கண்ணிகளில் ஒட்டலாம் என்று பெரியப்பா சொன்னார். டியூபுக்குக் கீழ போய்க் கேளு. ஒட்டினதும் பிடி அதிகமாகி மூக்கு தூக்கிக்கொண்டது. மேல போய்க் கேளு. பெரியம்மா ஊறுகாய் ஜாடி மேல் வைக்கும் எடைக்கல்லை வண்டியின் மூக்குக்குள் கட்டினோம்.

எனக்கு இவர்கள் இரண்டு பேர் மீதும் இரக்கமாகத்தான் இருந்தது. ஒருவருக்கும் ஒரு வேலையும் முழுசாகத் தெரியவில்லை. ஒருவரிடம் கருவி இருந்தால் சாமான் இல்லை, மற்றவரிடம் சாமான் இருந்தால் கை வரவில்லை. நான் ஒருத்தி இல்லாவிட்டால் இந்த வண்டி ஓடியே இருக்காது என்று பள்ளித் தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் படியேறி இறங்குவதைப் பார்த்து அம்மா அடுப்படியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது அவள்மேல் கோபம்தான் வந்தது.

ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின நாள் பெரியப்பா வண்டியை ஒருமுறை பிரித்துச் சரிபார்த்துக் கொடுத்தார். பேட்டரியைச் சார்ஜ் போட்டு வைக்கிறேன் என்று அப்பா அதை வாங்கிக்கொண்டார். மறுநாள் மாலை பூசை முடிந்து வந்ததும் எல்லோரும் படிக்கட்டில் கூடினோம். நான் ரிமோட்டோடு மாடிப்படியின் உச்சியில். என் பின்னால் வாசலில் பெரியப்பா. பெட்டியில் இடம் கொள்ளாத ஒட்டகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழ்ப்படியில் அப்பா.

வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. ராஜாக்கள் குலுங்கினார்களே தவிரச் சாயவில்லை. படி திரும்பும் இடத்தில் நின்ற நிலையிலேயே வண்டியைத் திருப்பிக் காட்டினேன். பெரியம்மா கைதட்டினாள். மேல் பலகையிலும் பாதி தூரம் ஏறிவிட்டது. அப்போது சத்தம் நின்றது. ரிமோட்டை எப்படித் தள்ளியும் அசைவில்லை. மூன்று ராஜாக்களோடும் வண்டி மெல்லப் பின்னுக்குச் சரியத் தொடங்கியது.

என்னைத் தள்ளிக்கொண்டு பெரியப்பா இறங்கினார். "டேய் தம்பி, பின்னாடி பிடிடா! ராசா விழுந்துருவாரு!"

அப்பா ஒட்டகத்தோடு ஓடி வந்து முட்டுக்கொடுத்தார். "பிடிச்சுட்டேண்ணே. நீங்க அலுங்காம முன்பக்கத்தத் தூக்குங்க."

அப்படியே இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குள் போனார்கள். ராஜாக்களைக் குழந்தையின் காலடியில் இறக்கினார் பெரியப்பா. ஒட்டகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்பா கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "முன்னாடி இருந்த எடத்துலயே வைடா" என்றார் பெரியப்பா. பெரியம்மா அழுதாள், அம்மா அழுதாள். நானும் அழுதேன், என் டாங்கி தோற்றுப்போனதற்காக.

இன்னும் நாலே படி. அவ்வளவுதான் பாக்கி இருந்தது. "எல்லாரும் கீழ இறங்குங்க, மொதல்லருந்து ஏத்துவோம்" என்று கத்தினேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேக்கை வெட்டிக்கொண்டு, தாத்தா காலத்துக் கதையெல்லாம் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் மூலையில் உட்கார்ந்து வண்டியைத் திறந்து பார்த்தேன். பேட்டரி ஒயர் பற்று விட்டுத் தனியே தொங்கியது. நேரே பெரியப்பாவிடம் கொண்டுபோய் நீட்டி, "ஒங்க சால்டரிங்தான் விட்ருச்சு" என்றேன். "கை தவறிப்போச்சு தாயி" என்று சொல்லி அவர் இன்னொரு துண்டு கேக்கை என் வாயில் ஊட்டினார். தப்புச் செய்துவிட்டு இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் வாத்தியாரை நான் பார்த்ததே இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இப்போதெல்லாம் ஒரே குடில்தான், மாடியில். நட்சத்திர விளக்கின் ஒயர் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்பினேன். "குடு இங்க" என்று வாங்கிய அப்பா, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சால்டரிங் கம்பியை எடுத்துச் சூடாக்கி, மின்னுகிற ஒரே சொட்டில் பற்றவைத்து ஊதினார்.

"அப்பா, ஒங்களுக்கு இது வராதுன்னீங்களே?"

"ஒங்க பெரியப்பனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான."

எனக்கு அந்த மாடிப்படியில் நின்றுபோன வண்டி கண்முன் வந்தது. "அப்புறம் எப்பிடி அன்னைக்கு அவரு வச்சது விட்டுப்போச்சு?"

"அண்ணன் வச்ச சால்டரிங் அம்புட்டு லேசுல விடாது பாப்பா" என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். "எனக்கென்ன தெரியும்? மேல போய்க் கேளு."

போய்க் கேட்டேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கீழ போய்க் கேளு தாயி."