சிவப்புத் தலைக் கம்புகள்

அந்த மெசினை இத்தாலியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவர் எடித்தின் அண்ணன் கிறகரி. நீட்டுத் தடி, அதன் நுனியில் சோற்றுத் தட்டளவு வளையம், காதில் மாட்ட ஒரு கருவி. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் இதோடுதான் கடற்கரையில் பொழுதைப் போக்குகிறார்களாம். மண்ணுக்குள் பழைய காசு, மோதிரம் எல்லாம் அகப்படுமாம்.

"ஒன்பது வருசம் சம்பளத்துக்குத் தேடினனி. இனிச் சும்மா விளையாட்டுக்குத் தேடு," என்றார்.

அந்த ஒன்பது வருடமும் எடித் தேடியது மிதிவெடி. பெரியமடுவிலும் இலுப்பைக்கடவைப் பக்கத்திலும், முகத்துக்கு முன் தடித்த கண்ணாடி மூடியோடு, முழங்காலில் நின்று தேடினாள். வேலை முடிந்து, கடற்கரை ஊரான தாழ்வுபாட்டுக்குத் திரும்பியபோது வயது நாற்பத்திரண்டு. ஒரு விரல்கூடக் குறையவில்லை. ஆனால், நுளம்பு காதுக்குள் கீச்சிட்டாலும் மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் கூடவே வந்துவிட்டது.

அண்ணன் பழக்கினார். வளையத்தை மண்ணில் முட்டாமல் மெதுவாக வீசவேண்டும். சத்தம் கேட்ட இடத்தை நேரே கிண்டவேண்டும். பிறகு குழியை மூடவேண்டும். அந்த 'நேரே'தான் எடித்துக்கு ஆகவில்லை. அவளுடைய கை ஒரு சாண் பின்தள்ளித் தொடங்கி, பக்கவாட்டிலேயே மண்ணை விலக்கியது.

முதல் நாள் அகப்பட்டவை ஒரு இருபத்தைந்து சதம், நான்கு சோடா மூடி, வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்று.

"மூடி பொறுக்கவோ அக்கா மெசின்?" என்றாள் பக்கத்து வீட்டு றோசம்மா. "என்ர மனிசனைக் கேட்டிருந்தா எங்கெங்க எறிஞ்சவர் எண்டு காட்டியிருப்பார்."

எடித் சிரித்துவிட்டாள். ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மெசினை விட மனம் வராததும் அதனால்தான்.

இரண்டாம் கிழமை, ஓர் இடமும் விடுபடக்கூடாதென்று கம்புகள் வெட்டி, கரையில் தேடத் தேட ஒரு மீற்றருக்கு ஒன்றாக நட்டுக்கொண்டு போனாள். படலைக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற்றில் ஒவ்வொரு கம்பின் தலையையும் நனைத்திருந்தாள். பாதித் தூரம் தேடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கரைவலைக்காரர் எல்லாரும் தள்ளி நின்றார்கள். வலை ஏற்றிய வள்ளம் தள்ளப்படாமல் கிடந்தது. மீளக் குடியேறிய காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்கும் மிதிவெடி கிடக்கும் இடத்தைக் காட்டும் சிவப்புத் தலைக் கம்பைப் படிக்கத் தெரிந்திருந்தது.

"இஞ்சயும் கிடக்கோ பிள்ளை?" வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பஸ்ரியன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இல்லையண்ணை. கோடு பிசகாமல் தேடத்தான் நட்டனான்."

"அப்ப ஏன் சிவப்புப் பூசினனி?"

பூசும்போது அவள் நிறத்தையே யோசிக்கவில்லை.

"வெடி தேடினவள் வெடிதான் தேடுவாள்," என்றது பின்னால் ஒரு குரல்.

"நான் நம்புறன்," என்றார் பஸ்ரியன். "ஆனா இவங்கள் கால் வைக்கமாட்டாங்கள். இண்டைக்கு விட்டா நாளைக்கும் வைக்கமாட்டாங்கள். தேடாத பக்கத்தால ஒருக்கா நடந்து காட்டு. இல்லாட்டி மெசினைக் கொண்டுபோய்க் கடலில போடு."

எடித் செருப்பைக் கழற்றினாள். தேடிய மண் வழியே கடைசிக் கம்புவரை நேராக நடந்தாள். அதற்கு அப்பால் அதே வெள்ளை மண்தான், நண்டு ஓடிய கோடுகள்தான். அதில் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். தூக்கிய வலது கால் இறங்க மறுத்தது.

அலை ஒன்று வந்து போனது. பிறகே அவள் காலை வைத்தாள். மிச்சத் தூரத்தையும் நடந்து, தண்ணீரைத் தொட்டுத் திரும்பி வந்தாள்.

"நடந்திட்டன்தானே அண்ணை?"

"ஓம், நடந்தனி." பஸ்ரியன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "இடையில நிண்டதையும் கண்டவங்கள்."

அன்று வலை இறங்கவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். எடித் கம்புகளைப் பிடுங்கினாள், நட்ட வரிசையிலேயே, முதலாவதிலிருந்து.

மெசின் இப்போது அலுமாரிக்குமேல் இருக்கிறது. கடலில் போட அவளுக்கு மனமில்லை. விடிந்ததும் வெறுங்காலோடு கரைக்குப் போய், எல்லாரும் பார்க்கட்டும் என்று அந்த இடத்தில் அங்கும் இங்குமாக நடக்கிறாள். ஐந்தாம் நாள் பஸ்ரியன் மட்டும் வள்ளத்தடிக்கு வந்து நின்றார். கடைசிக் கம்பு நின்ற இடத்துக்கு எடித் வந்தாள். கால் நின்றது. அவர் காணாதவர்போலக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.