உள்ளிக்குப் போன பெருமை

அம்புஜம் மாமிக்கு மூக்கு அபாரம். பக்கத்து வீட்டுக்காரன் எந்தச் சோப்புக்கு மாறினான் என்பதைக்கூட வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள், கணவரின் சட்டையில் பூண்டு வாசனை வந்தால் சும்மா விடுவாளா?

இங்கே இல்-பிசார் தீவில், எங்கள் தெருவில்தான் அவர்கள் வீடு. மாமியின் சமையல்கட்டுக்குள் பூண்டு நுழைந்ததே இல்லை. பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. கணவர் நாகசுப்பிரமணியன் ஓய்வு பெற்ற இன்ஜினியர், பரம சாது. போன வருஷம் அவருக்குக் கொலஸ்ட்ரால் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து மாமி நெய்யை நிறுத்தினாள், தேங்காயைக் குறைத்தாள், அப்பளத்தைச் சுட்டுப் போட்டாள். தீபாவளிக்குக்கூட அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை.

மாமாவோ சனிக்கிழமை தோறும் காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் இருக்கிற வில்லரேக்குப் போக ஆரம்பித்தார். அங்கே கிறகரி என்று அவருடைய பழைய ஆபீஸ் நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மனைவி றோசலின். பூண்டு சாப்பிட்டால் கொழுப்புக் கரையும் என்று அந்த வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மாமா மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் பல் தேய்ப்பார், ஏலக்காய் மெல்லுவார். மாமியின் மூக்கிடம் அதெல்லாம் பலிக்குமா? ஒரு நாள் வாய் தவறி, "இன்னிக்கு உள்ளி கொஞ்சம் தூக்கல்" என்று வேறு சொல்லிவிட்டார். பூண்டுக்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர். வாசனையைவிட அந்தச் சொல்தான் மாமியைச் சுட்டது. "அவா பாஷையே வாயில வர ஆரம்பிச்சுடுத்து, பாத்தியா?" என்று என்னிடம் பொருமினாள்.

அதோடு போயிருக்கலாம். இந்த முறை ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியிருந்தது. மாமா உடனே ஃபோனை எடுத்து, "கிறகரி, உங்க உள்ளி ஜெயிச்சுடுத்து!" என்றார். பக்கத்தில் எண்ணெய் விடாத கத்திரிக்காய்க் கறியோடு நின்ற மாமிக்கு வயிறு பற்றி எரிந்தது. அவரோடு சேர்ந்து ஒரு வருஷம் நாக்கைக் கட்டிப் போட்டவள் இவள், பெருமை மட்டும் அந்த றோசலினுக்கா?

"வண்டியை எடு, மாதுரி. அவ அப்படி என்னதான் சமைக்கறான்னு பாத்துடணும்" என்றாள் அடுத்த சனிக்கிழமை. எனக்கும் பார்க்க ஆசைதான், ஒளிப்பானேன்.

றோசலின் வாசலிலேயே மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கோ அக்கா, வாங்கோ! எப்ப கூட்டிக்கொண்டு வருவியள் எண்டு அண்ணையிட்ட ஒவ்வொரு கிழமையும் கேக்கிறனான். அவருக்கெண்டு சைவச் சட்டி வேறயா வச்சிருக்கிறன்."

தனிச் சட்டி என்றதுமே மாமியின் முகம் மாறிவிட்டது. உள்ளே போனால், சமையலறை மேசையில் மாமா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கிறகரி சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. வீட்டில் குடித்த காபி டம்ளரைக்கூட அலம்பாத மனிதர். "அண்ணை உரிச்சாத்தான் குழம்பு சரிவரும்" என்று கிறகரி எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தார்.

மாமி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தலைவலி என்று கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் றோசலினின் குரல், தலைமுடி, ஜன்னல் திரைச்சீலை எதுவும் அவள் வாயிலிருந்து தப்பவில்லை. "எப்படிச் சிரிக்கறார், பாத்தியா? என்கிட்ட அப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு!" என்றாள் கடைசியில்.

டாக்டரைப் பார்க்கிற அன்று மாமியும் கூடப் போனாள். கொலஸ்ட்ராலைக் குறைத்தது பூண்டா என்று நேராகவே கேட்டுவிட்டாள். பூண்டு கொஞ்சம் குறைக்கலாம், அதுவும் எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது, அதை நம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது என்றாராம் டாக்டர். இவ்வளவு இறங்கியதற்கு மாத்திரைதான் முக்கியக் காரணம், வீட்டுச் சாப்பாடும் கைகொடுத்திருக்கும். சமையலில் பூண்டு சேர்த்தால் தப்பில்லை என்றும் சொன்னார். அது மட்டும் மாமியின் காதில் விழவில்லை. வாசலுக்கு வந்ததுமே எனக்கு ஃபோன் செய்து, இனிமேல் இவருக்கு வில்லரேயில் வேலை இல்லை என்றாள்.

சனிக்கிழமை காலை மாமா வழக்கம்போல் கார்ச் சாவியை எடுத்தார்.

"பூண்டால பெரிசா ஒண்ணும் ஆகலைன்னு டாக்டரே சொல்லிட்டாரே. இன்னும் எதுக்குன்னா அங்க போறேள்?" என்று மாமி கேட்டாள்.

மாமா ஷூவை மாட்டிக்கொண்டாராம். "நான் பூண்டுக்காகப் போகலை, அம்புஜம். அங்க என்னை அடுப்படியில உக்கார வச்சு, கையில ஒரு வேலையைக் குடுத்துப் பேசறா. இங்க எதைத் தொட்டாலும் மடி போச்சுங்கறே. ஹால்ல தனியா உக்காந்து உக்காந்து எனக்கு அலுத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் மாமி ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அழுகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை. அவர் இன்னும் வரவில்லை என்றாள்.

"அது பூண்டாவே இருந்திருக்கப்படாதா, மாதுரி?" என்று கேட்டாள்.