சாமுவேல் அண்ணன் குடிகாரர் அல்ல

வாணியம்பாடியிலிருந்து வந்த வண்டிக்காரர்தான் சேதியைக் கொண்டுவந்தார். "உங்க சாமுவேலு காலைல போய்ட்டாருப்பா." அவர் சொல்லி வாய் மூடவில்லை, எங்கள் மேஸ்திரி சொன்னார்: "குடிச்ச வயிறு, எத்தினி நாள் தாங்கும்?" அங்கே பதினோரு பேர் நின்றிருந்தோம். ஒருவரும் மறுக்கவில்லை. அவரோடு வேலை செய்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் எனக்கு அடுத்த கட்டை அவருடையது. சுண்ணாம்பில் ஊறிய தோலை மரக்கட்டைமேல் போட்டு, இடுப்பை மடித்துக் கத்தியால் மயிர் சீவுவது எங்கள் வேலை. கூழ் குடித்த கை காய்வதற்குள் குனிய வேண்டும். குனிந்தால் அவருக்குப் புளித்த நீர் நெஞ்சை எரித்துக்கொண்டு தொண்டைக்கு ஏறும். வெளியே ஓடித் துப்புவார். அந்த வாடையைத்தான் சாராயம் என்றார்கள். சாராயக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதரை!

வேலூரில் ஒரு டாக்டர் உள்ளதைச் சொன்னார். வயிற்றுப் புளிப்பு மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிட்டது. சாப்பிட்டவுடன் குனியக் கூடாது. சீட்டும் எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதை மேஸ்திரியிடம் நீட்டினார்.

"இன்னா, உன் வயித்துக்குன்னு தனிச் சட்டமா?"

"எனக்கு மட்டும் கேக்கல மேஸ்திரி. இங்க பாதிப் பேருக்கு எரியுது. சாப்ட்டதும் எல்லாருக்கும் அரை மணி வுடுங்க."

"பாதிப் பேரா? யாருடா அது? முன்னால வா!"

எனக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. கண்ணைத் தோலிலிருந்து எடுக்காமல் நின்றேன். மறுநாள் குடிகாரன் என்று சொல்லி அவரை வெளியே அனுப்பினார்கள்.

அதற்குள் புண் முற்றிவிட்டது. முதலில் சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர். வாணியம்பாடியில் அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனபோது தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "வுடு தம்பி, உனக்கும் புள்ளைங்க கீது" என்றார். நான் எழுந்தபோது, "ஆனா, எரிஞ்சா எரியுதுன்னு சொல்லு" என்றார்.

ஒரு மனிதனை உண்ணவிடாமல் செய்துவிட்டு, குடித்துச் செத்தான் என்று ஊருக்குச் சொல்ல இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அதைக் கேட்டுக்கொண்டு நின்ற நமக்கு என்ன பெயர்?

அவர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் வைத்துக்கொண்டேன். அடக்கம் முடிந்த மறுநாள் மேஸ்திரி முன் போய் நின்றேன். "சாமுவேல் அண்ணன் குடிச்சதே இல்ல. எனக்கும் எரியுது" என்றேன்.

இன்று என் கட்டையில் வேறொருவர் குனிந்துகொண்டிருக்கிறார்.